காதல் காமெடிப் படத்துக்கு விளம்பர வேலை: புதிதாக வருபவர்கள் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

சண்டைப் படத்துக்கோ பேய்ப் படத்துக்கோ வேலை செய்துவிட்டு முதன்முறையாகக் காதல் காமெடிக்கு வருகிறவர்கள் ஓர் இடத்தில் தடுமாறுவார்கள். காட்டுவதற்கு வெடிக்கிற கார் இருக்காது, அலற வைக்கிற கதவு இருக்காது, கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது டிக்கெட் எடுக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எதைச் சொல்லி ஆட்களைக் கூப்பிடுவது? இந்த இரண்டு பேரோடு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வரலாமே என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும், மொத்த வேலையும் அதற்குத்தான். அவர்கள் ஒருவரையொருவர் சீண்டுகிற விதம், ஒருவர் பேசும்போது இன்னொருவர் முகத்தில் ஓடுவது, இதெல்லாம்தான் நம் கையில் இருக்கிற சரக்கு. நான் கீழே எழுதுகிற எல்லாப் படியும் இதிலிருந்துதான் வருகிறது. சிறிய படத்தில் தனி ஆளாக வேலை பார்த்தாலும் பெரிய குழுவில் ஒருவராக இருந்தாலும் வரிசை பெரிதாக மாறாது.

படத்தை மூன்று முறை பாருங்கள்

முதல் முறை தனியாக, எதுவும் குறிக்காமல், சும்மா ரசிகராகப் பாருங்கள். இரண்டாவது முறை படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத பத்துப் பதினைந்து பேரோடு உட்காருங்கள், ஆனால் நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், ஓரமாக உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் சத்தமாகச் சிரிக்கிறார்கள், எங்கே சத்தமில்லாமல் புன்னகைக்கிறார்கள், எங்கே கை மெதுவாகப் போனைத் தேடுகிறது என்று நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். இயக்குநருக்கு மிகவும் பிடித்த நகைச்சுவைக்கு யாருமே சிரிக்காமல் இருப்பதும், யாரும் கணக்கில் எடுக்காத ஒரு பார்வைக்கு அரங்கமே குலுங்குவதும் அங்கேதான் தெரியும். மூன்றாவது முறை ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தரக்கூடிய மூன்று நான்கு தருணங்களைக் குறியுங்கள். இந்த நோட்டு ரிலீஸ் முடிந்த பிறகும் உங்களிடம் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு படத்தை ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். ‘காதலும் நட்பும் கலந்த இளமைத் துள்ளல்’ போன்ற வரி எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் யாரையும் இழுக்காது. ‘ஒருவரையொருவர் தாங்கவே முடியாத இரண்டு பேர் மூன்று நாள் ஒரே காரில் போக வேண்டும்’ என்று சொன்னால் கேட்கிறவர் மனதில் சண்டை அப்போதே ஆரம்பித்துவிடுகிறது. வரியைச் சொன்னதும் எதிரே இருப்பவர் ‘சரி, அப்புறம்?’ என்று கேட்டால் அது வேலை செய்கிறது.

படப்பிடிப்பு முடிவதற்குள் எடுக்க வேண்டியவை

உங்களைப் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள் என்றால் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். முன்பே கூப்பிட்டிருந்தால் ஸ்டில் போட்டோகிராபரை (படப்பிடிப்பில் புகைப்படம் எடுப்பவரை) எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். செலவைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் பெரும்பாலும் அங்கேதான் கை வைப்பார், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். வீடியோவிலிருந்து வெட்டி எடுக்கும் படம் போஸ்டருக்கு அரைகுறையாகத்தான் நிற்கும்.

நான் வேலை செய்த ஒரு படத்தில், இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே நாயகனின் சட்டைப் பித்தானில் காலர் மைக்கின் வயர் சுற்றிக்கொண்டது. நாயகி குனிந்து அதைப் பிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார், நாயகன் தலையை அண்ணாந்து சிரித்தார், அந்த நொடியில் ஸ்டில் போட்டோகிராபர் இரண்டே படம் எடுத்தார். ஸ்டுடியோவில் நாள் முழுக்க விளக்குப் போட்டு எடுத்த போஸ்டர் படங்கள் எதிலும் அந்தச் சிரிப்பு இல்லை. கடைசியில் போஸ்டரானது அதுதான். அதனால் கேமரா ஓடாத நேரத்திலும் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். கூடவே போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் செங்குத்து வீடியோ தினமும் கொஞ்சம் சேரட்டும்: சொதப்பிய டேக், ஒத்திகை, வசனத்தை மாற்றிப் பேசிச் சிரிப்பது. எப்போது பதிவு ஓடுகிறது என்று நடிகர்களுக்குத் தெரிய வேண்டும், வெளியே விடும் முன் அவர்களிடம் காட்ட வேண்டும். ஒளிந்து எடுத்த வீடியோ ஒன்று வெளியே போனால் அதற்குப் பிறகு அவர்கள் உங்கள் முன்னால் இயல்பாக இருக்கவே மாட்டார்கள்.

ஒப்பந்தத்தையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். நடிகர்கள் விளம்பரத்துக்கு எத்தனை நாள் வருவார்கள், அவர்கள் பக்கத்தில் எத்தனை பதிவு போடுவார்கள், பயணச் செலவு யாருடையது, படங்களுக்கு யார் சம்மதம் தர வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ரிலீஸ் நேரத்தில் அவர்கள் வேறு படப்பிடிப்பில் தாடியும் வேறு முடியுமாக இருப்பார்கள், நட்புக்காக வருவார்கள் என்று நம்பி இருந்தால் கடைசி வாரத்தில் கை பிசைய வேண்டியதுதான்.

ரிலீஸ் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எனக்குப் பழகிய கணக்கு இது. பன்னிரண்டு வாரம் முன்பு ஃபர்ஸ்ட் லுக், எட்டு வாரம் முன்பு டீசர் அல்லது பாட்டு, நான்கைந்து வாரம் முன்பு டிரெய்லர், கடைசி மூன்று வாரம் முழுக்க நடிகர்கள், கடைசி வாரம் முன்னோட்டக் காட்சிகள் (ரிலீஸுக்கு முன்பே ஆட்களை அழைத்து முழுப் படத்தையும் போட்டுக் காட்டுவது), ரிலீஸுக்குப் பிறகு இரண்டு வாரம். அந்தக் கடைசி இரண்டு வாரத்துக்கு மொத்தப் பணத்தில் கால் பங்காவது எடுத்து வைத்துவிடுங்கள். காதல் காமெடி முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடிப்போய் பார்க்கிற வகை கிடையாது, யாராவது ‘நல்லா இருந்துச்சு, போய்ப் பார்’ என்று சொன்ன பிறகு கிளம்புகிற வகை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது 2002-இல் வந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’. சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் கொஞ்சம் தியேட்டர்களில்தான் முதலில் வெளியானது, ஒரு வார இறுதியில்கூட அங்கே வசூலில் முதலிடம் பிடிக்கவில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் ஓடி உலகம் முழுக்க 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முதல் வாரத்திலேயே பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு, ‘எடுபடவில்லை’ என்று கையைக் கழுவியிருந்தால் அது நடந்திருக்காது.

தேதி பற்றி ஒரு வார்த்தை. பிப்ரவரி 14 என்றதும் எல்லோருக்கும் ஆசை வரும், அதனாலேயே அந்த வாரம் காதல் படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும், அந்த ஒரு நாள் போனதும் கூட்டம் சட்டென்று இறங்கலாம். உங்கள் கையில் முடிவு இருந்தால் அடுத்த இரண்டு வாரத்தில் என்ன படங்கள் வருகின்றன என்பதைப் பார்த்துத் தேதியைச் சொல்லுங்கள்.

போஸ்டர், டீசர், டிரெய்லர்

போஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் போனில் பாருங்கள், அப்போதும் இரண்டு முகமும் அவர்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டிக் கைகட்டி நிற்கும் போஸ் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. படத்துக்குள் இருக்கும் ஒரு பொருளையோ இடத்தையோ கொண்டு வாருங்கள். பளிச்சென்ற நிறங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள், இது சிரிக்க வைக்கும் படம் என்று ஒரே நொடியில் சொல்வது அவைதான்.

டிரெய்லரில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். வேகமாக வெட்டினால் விறுவிறுப்பு வரும் என்பது சண்டைப் படத்துக்குச் சரி, நகைச்சுவைக்குப் பொருந்தாது. ஒரு படத்தில் இப்படி ஒரு காட்சி: நாயகன் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க வாசலில் நிற்கிறான். ‘மழை நின்னுடுச்சு’ என்கிறான். அவள் ‘தெரியும்’ என்கிறாள். குடையை வாங்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. படத்தில் அந்த மௌனம் ஏறக்குறைய நான்கு நொடி, பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டிரெய்லரில் அதை ஒரு நொடியாக்கி அடுத்த காட்சிக்குத் தாவினோம், போட்டுக் காட்டிய இடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பின்னணி இசையை நிறுத்தி, அந்த நான்கு நொடியையும் அப்படியே திருப்பி வைத்ததும் சிரிப்பு திரும்பி வந்தது. வசனத்தை வெட்டலாம், வசனத்துக்குப் பின்னால் வரும் முகத்தை வெட்டாதீர்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தியேட்டர்களில் டிரெய்லருக்கு வெகுகாலமாக இரண்டரை நிமிடம்தான் எல்லை, 2014-இல் அங்குள்ள தியேட்டர் உரிமையாளர் சங்கம் அதையும் இரண்டு நிமிடமாகக் குறைக்கச் சொன்னது. காதல் காமெடிக்கு இரண்டு நிமிடம் தாராளம். எப்படிச் சந்தித்தார்கள், ஏன் ஒத்துப்போகவில்லை, எங்கே மனம் மாறத் தொடங்குகிறது என்பது வரை காட்டுங்கள். அவர்கள் பிரிகிற காட்சியையும், ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கிற காட்சியையும் தொடாதீர்கள். உங்கள் நோட்டில் அதிகச் சிரிப்பு வாங்கிய பத்து இடங்கள் இருந்தால் மூன்று போதும், மீதி ஏழும் தியேட்டருக்கு வருகிறவருக்கு.

இன்னொன்று, எளிதில் மறந்து போவது: படத்தில் பயன்படுத்த உரிமை வாங்கிய பாட்டை டிரெய்லரிலும் விளம்பரத்திலும் பயன்படுத்தப் பல ஒப்பந்தங்களில் தனி அனுமதி தேவைப்படும். வெளியிடும் நாளுக்கு முந்தின இரவு இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

நடிகர்கள்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

முதல் விதி, முதல் சில பேட்டிகளில் ஜோடியைப் பிரிக்காதீர்கள். இரண்டு நாற்காலியையும் நெருக்கமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்லுங்கள், இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் இருக்கும்படி கேமராவை வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் பதில் சொல்லும்போது இன்னொருவர் கண்ணை உருட்டுவதும் சிரிப்பை அடக்குவதும்தான் பிறகு துண்டு துண்டாகப் பரவும். தனித்தனி கேமராவில் தலையை மட்டும் எடுத்தால் அது அத்தனையும் போய்விடும்.

பேட்டிக்கு முன் அரை மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். ‘கதை பிடிச்சுது, டீம் எல்லாரும் குடும்பம் மாதிரி, படம் நல்லா வந்திருக்கு’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற பேட்டியால் ஒரு டிக்கெட்கூட விற்காது. ஒவ்வொருவரிடமும் மூன்று சின்னச் சம்பவம் கேட்டு வாங்குங்கள். உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், முடிந்தவரை மற்றவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், எந்தச் சம்பவம் என்று ஒரு சொல் நினைவூட்டினால் போதும். ஒரே நாளில் பதினைந்து பேட்டி என்றால் நான்கைந்துக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். பத்தாவது ஆள் வந்து ‘உங்க கேரக்டர் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்கும்போது அவர்கள் கண்ணில் வெளிச்சம் இருக்காது, பார்க்கிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். பேட்டி எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு விளையாட்டோ புது மாதிரியான நான்கு கேள்வியோ யோசித்துக் கொடுத்தால் அவர்களும் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள்.

எந்தக் கேள்விகள் வேண்டாம் என்பதையும் நடிகரிடம் கேட்டு முன்பே சொல்லிவிடுங்கள். மீறிக் கேட்டால் குறுக்கே போய் நிறுத்துவது உங்கள் வேலை, நடிகரை அந்த இடத்தில் தனியாக விடாதீர்கள்.

இப்போது கிசுகிசுவுக்கு வருவோம். படத்தில் காதலித்தவர்கள் வெளியிலும் காதலிக்கிறார்களா என்ற பேச்சு இந்த வகைப் படத்துக்குத் தானாகவே வந்து சேரும். 2023 டிசம்பர் 22-இல் வெளியான ‘எனிவன் பட் யூ’ என்ற ஹாலிவுட் காதல் காமெடியின் நடிகர்கள் சிட்னி ஸ்வீனியும் கிளென் பவலும், அந்தப் பேச்சை வேண்டுமென்றே மறுக்காமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டதைப் பின்னால் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள். படமும் ஓடியது. ஆனால் அங்கே முடிவு எடுத்தது அந்த இரண்டு நடிகர்கள், ஸ்வீனி அந்தப் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. புதியவர்கள் இந்தப் பகுதியைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். நான் இருந்த ஒரு குழுவில் நடிகர்களுக்குச் சொல்லாமலேயே ஒரு செய்திப் பக்கத்துக்கு ‘இருவரும் காதலிக்கிறார்கள்’ என்று தகவல் கொடுத்தார்கள். இரண்டு நாள் எல்லோரும் பேசினார்கள். மூன்றாம் நாள் அந்த நடிகையின் பழைய படங்களுக்குக் கீழே வந்து விழுந்த வார்த்தைகளை நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினேன், நாயகன் பக்கத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு அந்த நடிகை எந்தப் பேட்டிக்கும் நாயகனோடு சேர்ந்து உட்கார மறுத்துவிட்டார், படத்தின் ஒரே பலமான ஜோடியே அதோடு போனது. எனவே பொய்யான காதல் செய்தியைக் கிளப்பாதீர்கள். இருவருக்கும் உண்மையிலேயே நட்பு இருந்தால் அதைக் காட்டுங்கள், அதுவே போதும். ஒத்துப்போகாத ஜோடி என்றால் வற்புறுத்தாமல், குறிப்பிட்ட ஒரு காட்சியை எப்படி நடித்தார்கள் என்று வேலையைப் பற்றிப் பேச வையுங்கள், கூடவே இயக்குநரை உட்கார வையுங்கள்.

டிரெய்லர் வெளியாவதற்கு முன்பே நடிகர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் குறிப்பிட்ட வார்த்தைகள் உள்ள கருத்துகளை மறைக்கும் அமைப்பைப் போட்டு வையுங்கள். கருத்துகளை வேறொருவர் படிக்கட்டும், நடிகர் படிக்க வேண்டாம்.

துணை நடிகர்களை மறந்துவிடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. உங்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள், பெரிய சிரிப்பில் பாதி நாயகியின் தோழிக்கோ நாயகனின் அக்காவுக்கோ போயிருக்கும். அவர்களுக்குத் தனியாக ஒரு வீடியோ, பதிவில் பெயர், அவர்கள் பக்கத்துக்கு ஒரு இணைப்பு, இது போதும், ஆனால் அதை ரிலீஸுக்கு முன்பே செய்யுங்கள். அறிமுக நடிகர் என்றால் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேடுகிறவர் கண்டுபிடிக்க மாட்டார். நூறு சொல்லில் அறிமுகம், தெளிவான மூன்று படம், ஐஎம்டிபியில் (படங்கள், நடிகர்கள் பற்றிய இணையத் தகவல் தளம்) சரியான பதிவு, இவை தயாராக இருக்கட்டும். அறிமுகத்தில் இல்லாத விருதையும் நடக்காத கஷ்டத்தையும் சேர்க்காதீர்கள். விக்கிப்பீடியாவில் நாமே பக்கம் எழுதுவதும் வேண்டாம், சொந்த நலன் இருப்பவர் எழுதுவதை அங்கே ஊக்குவிப்பதில்லை.

போனில் பார்க்கிறவருக்காக

செங்குத்து வீடியோவுக்கு ஒன்பதுக்குப் பதினாறு விகிதம், 1080-க்கு 1920 பிக்சல் அளவு. முதல் நொடியில் தயாரிப்பு நிறுவனத்தின் லோகோ வேண்டாம், முகம் வரட்டும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய, அதனால் வசனத்தை எழுத்தாகப் போடுங்கள், அதைத் திரையின் அடிவிளிம்பில் வைக்காமல் கொஞ்சம் மேலே வையுங்கள், கீழே ஆப்பின் பட்டன்களும் குறிப்பும் மறைத்துவிடும். நகைச்சுவையின் முடிவு வசனத்தை நடிகர் சொல்லும் முன்பே எழுத்தில் காட்டிவிடாதீர்கள். வாய் அசையும்போதுதான் எழுத்து வர வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் கூட்டுப் பதிவாகப் போட்டால் படத்தின் பக்கத்திலும் நடிகரின் பக்கத்திலும் ஒரே பதிவு தெரியும், விருப்பங்களும் ஒன்றாகச் சேரும். யூடியூபில் ஒரு வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) வரை போட்டுச் சோதிக்க வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். ரசிகர்கள் உங்கள் காட்சிகளை வெட்டி ஒட்டி வீடியோ போடுவார்கள், கன்டென்ட் ஐடி (உங்கள் காட்சியைப் பிறர் போட்டால் கண்டுபிடிக்கும் யூடியூபின் அமைப்பு) மூலம் அத்தனையையும் தடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர் கேட்கலாம். முழுப் படம், முழுக் காட்சி என்றால் தடுங்கள். அரை நிமிடத் துண்டை விட்டுவிட்டு, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் கவனித்துக்கொள்ளும்படி அமைக்கலாம்.

பணம் கொடுத்து ஒருவரைப் பேச வைத்தால் அது விளம்பரம் என்று தெரியும்படி போடச் சொல்லுங்கள். யூடியூப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் அதற்குத் தனி அடையாளம் உண்டு, பல நாடுகளில் சட்டமும் அதைக் கேட்கிறது. பணம் கொடுத்து விமர்சனமோ நட்சத்திர மதிப்பெண்ணோ வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. வாய்வழிப் பேச்சை நம்பி நிற்கிற படத்துக்கு அந்தப் பேச்சின் மேலேயே சந்தேகம் வந்தால் வேறு எதுவும் மிஞ்சாது.

முன்னோட்டக் காட்சி, ரிலீஸ், அதற்குப் பிறகு

சிரிப்பு தொற்றும். அதனால் ஐநூறு இருக்கை அரங்கில் இருநூறு பேரை உட்கார வைப்பதைவிட நூறு இருக்கை அரங்கை நிரப்புங்கள். விமர்சகர்களுக்கு மட்டும் தனிக்காட்சி போடாமல் சாதாரணப் பார்வையாளர்களோடு சேர்த்து உட்கார வையுங்கள். விமர்சனத்தை எந்த நாள், எந்த மணிக்குப் பிறகு வெளியிடலாம் என்பதை அழைப்பிலேயே தெளிவாக எழுதுங்கள்.

ரிலீஸ் நாளில் அலுவலகத்தில் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் தியேட்டருக்குப் போங்கள், படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் எந்த வசனத்தைத் திரும்பச் சொல்கிறார்கள், எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள் என்று காதைக் கொடுங்கள். அதுதான் அடுத்த வாரத்து விளம்பரம். ‘எனிவன் பட் யூ’ முதல் வார இறுதியில் அமெரிக்காவில் சுமார் 60 லட்சம் டாலர்தான் எடுத்தது. நடாஷா பெடிங்ஃபீல்டின் ‘அன்ரிட்டன்’ பாட்டு அந்தப் படத்தில் முக்கியமான இடத்தில் வரும், பார்த்துவிட்டு வந்தவர்கள் அதற்கு ஆடிப்பாடி டிக்டாக்கில் போட ஆரம்பித்தார்கள். இரண்டாவது வார இறுதி வசூல் இறங்காமல் ஏறியது, மொத்தம் உலக அளவில் சுமார் 22 கோடி டாலரைத் தொட்டது. பார்வையாளர்களே தொடங்கி வைக்கிற இப்படி ஒன்று உங்கள் படத்துக்கு நடந்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள், அவர்கள் வீடியோக்களைப் பகிருங்கள், நடிகர்களைப் பதில் போடச் சொல்லுங்கள், அதன் மேல் நிறுவன லோகோவை ஒட்டாதீர்கள்.

மோசமான விமர்சனம் வந்தால் பதில் எழுதாதீர்கள், நடிகர்களையும் எழுத விடாதீர்கள். இரண்டாவது திங்கட்கிழமை உங்கள் கையில் புதிதாக ஐந்து துண்டு வீடியோவாவது இருக்க வேண்டும், படம் ஓடிடிக்குப் போகும் நாளுக்கென்று இன்னும் ஐந்தைத் தொடாமல் வையுங்கள். தியேட்டரில் விட்டவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள், அப்போது படத்தைப் பற்றிப் பேச யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு ஃபோல்டர் தயார் செய்யுங்கள், சின்ன வேடம் செய்தவர்களுக்கும்தான். அவர்களுடைய நல்ல ஸ்டில்கள், அவர்கள் வருகிற இரண்டு மூன்று காட்சித் துண்டு, அவர்கள் பெயரைச் சொல்லிப் பாராட்டிய விமர்சன வரிகள், இவற்றைத் தங்கள் அடுத்த வாய்ப்புக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளரிடம் எழுதி வாங்கிய ஒரு வரி. இதைச் செய்ய ஒரு நாள் ஆகும். படம் வெளியான மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள், அதற்கு மேல் போனால் கோப்புகள் யாரிடம் இருக்கின்றன என்றே தெரியாமல் போய்விடும்.